திரும்பி வந்த ஓட்டங்கள்

பங்குனி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை பிக்கப் வாகனம் எங்கள் வளவுக்குள் வந்தது. அன்று மாலையே அதற்கென்று ஒரு கொப்பி வாங்கி, திகதி, போன இடம், தூரம், ஏற்றிய பொருள் என்று நான்கு பத்தி கீறினேன். உரும்பிராயில் எங்களுக்கு எட்டுப் பரப்புத் தோட்டம். பீற்றூட்டும் வெங்காயமும் சந்தைக்குப் போக வாகனம் வேண்டும் என்றேன். தேவைப்படும் நாளில் சந்தியில் நிற்கும் லொறியை வாடகைக்குப் பிடிக்கலாம், டீசலாவது மிஞ்சும் என்றாள் மனைவி. ஆவணி முடியும்வரை எழுதுவது, பிறகு கொப்பி சொல்கிறபடி வைத்திருப்பது அல்லது விற்பது என்று முடிவானது.

ஆவணி முடிந்ததும் கொப்பியை அவளிடம் நீட்டினேன். பீற்றூட், வெங்காயம், உறவினர் வீட்டுக் கதிரைகள், கோயிலுக்குத் தண்ணீர்த் தாங்கி. எந்தப் பக்கமும் வெறுமையாக இல்லை. சொந்தக்காரரிடம் டீசல் காசு வாங்க முடியாது. மறுநாள் ஒரு வாழைக்குலை வரும். அதையும் எழுதியிருந்தேன்.

அவள் நிதானமாகப் புரட்டினாள்.

"எல்லாம் வடிவாத்தான் எழுதியிருக்கிறியள். கரவெட்டிக்குப் போயிருக்கிறியள். அங்கையே நிண்டிட்டியளோ?"

"ஏன் அப்பிடிக் கேக்கிறீர்?"

"திரும்பி வந்தது எங்கை?"

கொப்பியைப் பறித்துப் பார்த்தேன். புறப்பட்ட மணிகூட ஓரத்தில் இருந்தது. திரும்பியது ஓரிடத்திலும் இல்லை. பின்பெட்டியில் சுமையில்லாமல் வருவதை ஓட்டமென்றே நான் நினைத்ததில்லை.

அதன்பின் மூன்று நாள் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வாகனத்தடிக்குப் போய் மீற்றரைப் பார்ப்பேன், கொப்பிக்குத் திரும்புவேன், தேத்தண்ணி ஆறிவிடும். ஒவ்வொரு வரிக்கும் கீழே சிவப்புப் பேனாவால் திரும்பிய தூரத்தைச் சேர்த்தேன். தூரம் இரட்டித்தது. சுமையோடு திரும்பியது ஒரே ஒருமுறை: கரவெட்டியில் தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுபோன அலுமாரி வாசலால் நுழையாமல் என்னோடேயே வந்துவிட்டது.

விற்பதுதான் சரியென்று பட்டது. புதன்கிழமை நல்லூரில் கடை வைத்திருக்கும் ஒருவர் வாங்கும் எண்ணத்தோடு வந்தார். பிக்கப்பை ஓட்டிப் பார்த்தார், திருப்திதான்.

"டீசல் எப்பிடி அண்ணை?"

வாயால் சொல்லத் தயங்கிக் கொப்பியைக் கொடுத்தேன். சிவப்பு வரிகளைக் கண்டு சிரித்தார்.

"உவ்வளவும் வெறுமனே ஓடினதோ? ஊர் சுத்தின கதையெல்லே உது! எனக்குக் கட்டாது அண்ணை."

அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் ஓய்ந்ததும் மனைவி குசினியிலிருந்து வந்தாள்.

"கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லியிருக்கலாமெல்லே? உங்கடை கொப்பியை வச்சுக்கொண்டு உதை விக்கவும் ஏலாது, வச்சிருக்கவும் ஏலாது."

அப்போது தொலைபேசி அடித்தது. தங்கச்சி.

"அண்ணை, வாசலைப் பெருப்பிச்சாச்சு. அலுமாரியைக் கொண்டு வாறியளோ?"

"ஓம், இப்பவே வாறன்."

பிக்கப்பின் திறப்பு ஏற்கெனவே கையில் இருந்தது. மனைவி அதைப் பார்த்தாள்.

"போறதெண்டாப் போங்கோ. ஆனா வரேக்கை வெறுமனே வரப்பிடாது."

அலுமாரியை ஏற்றிக் கட்டிவிட்டுக் கொப்பியை எடுத்தேன். திகதி, கரவெட்டி, தூரம், அலுமாரி. கீழே சிவப்பில் திரும்பும் தூரத்தையும் முன்கூட்டியே எழுதினேன். அங்கிருந்து எதை ஏற்றி வருவது? எருவா, விறகா, வைக்கோலா? ஒன்றை எழுதி வெட்டினேன், இன்னொன்றை எழுதி வெட்டினேன். பிறகுதான் கவனித்தேன். படலையடியில் நான் யோசித்துக்கொண்டிருந்த அவ்வளவு நேரமும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.