மூன்று சுற்று

மகள் பூனைக்குட்டியை உரப்பையில் போட்டுக்கொண்டு வந்து படலையடியில் நின்றாள்.

"மூண்டு தரம் சுத்திப்போட்டுத்தானாம் உள்ளுக்கு விடவேணும். குட்டி தந்த வீட்டில சொன்னவை."

உள்ளே எங்கள் நாய் குரைத்தது. பையின் யூரியா மணம் என்னை ஒன்பது வயதுக்குக் கொண்டுபோனது.

என்னைப் பெற்ற ஐயாவும் இப்படித்தான் ஒரு குட்டி கொண்டுவந்தார். பையைச் சுற்றினால் பூனைக்கு வந்த வழி மறந்துபோகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அன்றைய நாய் மணியன் உறுமிக்கொண்டிருக்க, ஐயா பையைத் தூக்கினார்.

"சுத்தாதேங்கோ அண்ணை," என்றார் மாமி. ஐயாவின் தங்கை. போரில் காங்கேசன்துறை வீட்டை விட்டுவிட்டு வந்து எங்களோடு இருந்தவர்.

"பிறகு உது திரும்பிப் போயிடும்."

"போனால் போகட்டும். வந்த வழியாவது அதுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்."

ஐயா பையை இறக்கினார். மாமி மணியன் படுக்கும் சாக்கை எடுத்துக் குட்டியின் உடம்பெல்லாம் தேய்த்துவிட்டார். மணியன் மூக்கை வைத்து மணந்து பார்த்தது. தன்னுடைய மணம்தான். பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டது.

குட்டி எங்கும் போகவில்லை. மாமிதான் போனார். இருபது வருடங்களுக்கு மேல் கழித்து இராணுவம் அவருடைய காணியை விடுவித்தபோது, பற்றை மூடிக்கிடந்த ஊருக்குள் எங்களுக்கு முன்னால் நடந்தார். ஒருவரிடமும் வழி கேட்கவில்லை. வீடு இருக்கவில்லை. கிணறு இருந்தது.

"சுத்தட்டோ அப்பா?" மகள் பையைத் தூக்கிவிட்டாள்.

"வேண்டாம் பிள்ளை. நாயின்ரை சாக்கை எடுத்துக்கொண்டு வா."