படிவத்தில் இல்லாத கேள்வி

விவேக் நகரில் குடியிருந்தபோது, ஏடிஎம் வேனில் கன்மேன் வேலைக்காக என் கணவர் துப்பாக்கி லைசென்ஸ் கேட்டு மனு போட்டிருந்தார். விசாரிக்க ஸ்டேஷனிலிருந்து ஓர் ஏட்டு வந்தார். நரைத்த மீசை, கஞ்சி போட்டுத் தேய்த்த காக்கி. ஒவ்வொரு பதிலையும் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் படிவத்தில் எழுதினார்.

கடைசியில் ஆதார் ஜெராக்ஸ் வேண்டுமென்று கணவரைக் கடைக்கு அனுப்பிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, அவரு குடிச்சா கை நீட்டுவாரா?"

நான் கன்றிப்போயிருந்த முழங்கையைத் தலைப்பால் மூடிக்கொண்டேன்.

"இந்த வீட்ல துப்பாக்கி இருந்தா உனக்குத் தூக்கம் வருமா?"

"வராது சார்."

"ஆய்த்து, சரி விடும்மா. உன் பேரு எங்கயும் வராது. நான் போற எல்லா வீட்லயும் இதைக் கேப்பேன்."

லைசென்ஸ் கிடைக்கவில்லை. கணவர் ஒரு வாரம் போலீஸைத் திட்டித் தீர்த்தார். அடுத்த வருடம் அவரை விட்டு மகளோடு பொம்மனஹள்ளிக்கு வந்துவிட்டேன். கார்மெண்ட்ஸில் வேலை, இருவரும் நிம்மதியாக இருக்கிறோம்.

அந்த ஏட்டு கொண்டுவந்த படிவத்தில் அப்படியொரு கேள்வியே கிடையாது என்று பின்னால்தான் தெரிந்தது. எந்த வீட்டில் எதைப் பார்த்த பிறகு அதைக் கேட்க ஆரம்பித்தாரோ?