ஞாயிற்றுக்கிழமைக் குளிசை

வருத்தம் முற்றி ஆஸ்பத்திரிக்கு வருகிற நோயாளிகளைப் பார்ப்பது போதாது, வரமுதலே வீட்டுக்குப் போய்ப் பார்க்கவேண்டும் என்று எங்கள் டொக்டர் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் சின்ன ஆஸ்பத்திரியில் இருக்கிற நர்ஸ் நான் ஒருத்திதான். முணுமுணுத்தபடியே, அடிக்கடி பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போகிறவர்களின் பட்டியலை எழுதினேன்.

முதலாவதாக நின்றவர் கோப்பாயில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். இதயம் பலவீனம். மாதத்தில் இரண்டு தரமாவது மூச்சு எடுக்க முடியாமல் அம்புலன்ஸில் போவார். இன்னும் இப்படியே போனால் ஒருமுறை திரும்பி வரமாட்டார் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவருடைய பழைய ஆஸ்பத்திரித் துண்டுகளைப் பரப்பிக் கலண்டரோடு ஒப்பிட்டேன். போன நாட்கள் அநேகமாக எல்லாம் திங்கட்கிழமை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

"குளிசை எல்லாம் ஒழுங்காப் போடுறியளோ சேர்?"

"என்ன கேள்வி பிள்ளை? ஒழுங்காப் போடுறன்."

மிஷன் பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் மற்றவர்களின் பிழையைத் திருத்தியவர். நம்பத்தான் வேண்டும். நான் நம்பவில்லை, பைக்கற்றுகளை வாங்கி எண்ணினேன். உடம்பில் தேங்கும் நீரைப் போக்குகிற குளிசை மட்டும் கனக்க மிஞ்சிக் கிடந்தது. வாயைத் திறந்து பேசப்போனேன். அதற்குள் அவருடைய மனைவி, "சொல்லுங்கோவன், பிள்ளை என்ன பிறத்தி ஆளே?" என்று அவரை இடித்தா.

அவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். "ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சிலை ஓர்கன் வாசிக்கிறது நான். சனிக்கிழமை பாட்டுப் பழகிற நாள். காலமை அந்தக் குளிசையைப் போட்டால் கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பவேணும். சபை பாடிக்கொண்டு நிக்கேக்கை நான் எழும்பி ஓடுறதே?"

"வீட்டை வந்து மத்தியானம் போட்டிருக்கலாமே?"

"பைக்கற்றிலை காலை எண்டெல்லோ எழுதிக் கிடக்கு!"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எழுதியபடி செய்ய முடியாவிட்டால் செய்யாமலே விடுகிற ஒழுங்கு அவருடையது. அந்தக் 'காலை'யை எழுதியவர்கள் நாங்கள். அவருடைய காலை எப்படிப் போகிறது என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

அங்கேயே நின்று டொக்டருக்குப் போன் எடுத்தேன். சனியும் ஞாயிறும் மத்தியானம் போடலாம் என்றார். பைக்கற்றில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு நாளும் விடிய நிறை பார்க்கவேண்டும், இரண்டு கிலோ ஏறினால் மூச்சு இளைக்கும்வரை பார்த்துக்கொண்டிராமல் எனக்குச் சொல்லவேண்டும் என்றும் சொல்லிவிட்டு வந்தேன். முதல் இரண்டு மாதம் நானே போன் எடுத்து நச்சரித்தேன். பிறகு ஒருநாள் அவரே எடுத்தார்.

"பிள்ளை, கலியாண வீட்டிலை அப்பளமும் ஊறுகாயும் கொஞ்சம் கூடிப்போச்சு. ரண்டு கிலோ ஏறியிருக்கு."

அன்றைக்கே வரச்சொல்லி டொக்டர் மருந்தைக் கூட்டிக் கொடுத்தார். பின்னேரம் அவர் பஸ்ஸில் வீட்டுக்குப் போனார். அம்புலன்ஸ் வேண்டியிருக்கவில்லை. பஸ் போகும்வரை வாசலில் நின்று பார்த்தேன். எனக்கு அவ்வளவு பெருமை.

அதற்குப் பிறகு பல மாதம் கழித்து, வேறொரு நோயாளியோடு அவசரப் பிரிவுக்குப் போயிருந்தேன். அங்கே வேலைசெய்கிற, என்னோடு படித்த சிநேகிதி என்னை ஒரு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள். குரல் இறங்கியிருந்தது.

"எடியே, உங்கடை கோப்பாய் மாஸ்டர் எப்ப மோசம் போனவர்? செத்தவீட்டுக்கு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. நல்ல மனுசன்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். கட்டிலில் கிடந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. போனை எடுத்து அவருடைய இலக்கத்தை அழுத்தினேன்.

"சேர், இஞ்சை ஒராள் உங்களோடை கதைக்கவேணுமாம்" என்று சொல்லி, அதை அவள் கையில் கொடுத்தேன்.