டைனமோப் பாட்டு

விடுமுறை மூன்று நாளும் நண்பர்கள் மூவர் அக்கராயன் குளத்தடியில் தங்கினோம். கோடையில் வற்றிய குளத்தின் நடுவிலிருந்த தீவுக்குச் சைக்கிளிலேயே போனோம். போர்த்தடையால் றேடியோவுக்குப் பற்றரி கிடைக்காத காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, யூட் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடியது.

"சத்தத்தைக் கூட்டடா!" என்றான் யூட். சேகர் கூட்டினான்.

அந்தச் சத்தத்தில் கிபிர் விமானம் வந்தது எவருக்கும் கேட்கவில்லை. தலைக்கு மேல் நிழல் ஓடிய பிறகுதான், "படுங்கோடா!" என்று கத்தினேன். குண்டு வெடித்து மண் எங்களை மூடியது. எழுந்து பார்த்தால் யூட்டின் வலது கை அறுந்து, பெடலுக்குக் கீழே கிடந்தது. உடுத்திருந்த சாரத்தைக் கிழித்துக் காயத்தை இறுக்கிக் கட்டி, சைக்கிளில் ஏற்றி மிதித்தோம். பிழைத்துக்கொண்டான்.

இப்போது அவனுக்காக நான்தான் பெடல் சுற்றுகிறேன். "கொஞ்சம் கூட்டன்டா" என்று கெஞ்சுவான். கூட்டமாட்டேன். பாட்டு ஒரு காதுக்குத்தான்; மற்றக் காது வானத்துக்கு.