முத்திரை விழாத உறை

சின்னத்தாய் யாரையும் லேசில் நம்பமாட்டாள். மருந்துக்காரர் மாத்திரை கொடுத்தால் சீட்டோடு இரண்டு முறை ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். தேவிகுளத்துக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா அவள். தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த அந்த லயத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே பெண்ணும் அவள்தான். இந்தச் சந்தேகப் புத்தி அவளுக்குப் பிறவியில் வந்ததல்ல, 1957-இல் வந்தது.

அந்த வருஷ மழையில் லயத்துக் கூரை சரிந்து ஒரு பிள்ளை செத்தது. தொழிலாளர் அதிகாரிக்குச் சின்னத்தாய் ஒரு மனு எழுதினாள். பதினாறு பேர் பெருவிரல் ரேகை வைத்தார்கள். முதல் ரேகை அவள் புருஷன் சோலையுடையது. எழுதியவள் பெயர் அதில் இல்லை. பக்கத்து வீட்டு இருதயம்மாள் தோட்டத்து ஆபீசைக் கூட்டிப் பெருக்குகிறவள். அவள்தான் உறையைக் கொண்டுபோய் ஆபீஸ் தபால் பையில் போட்டாள்.

நான்காம் நாள் சோலைக்குச் சீட்டுக் கிழிந்தது. அதிகாரி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வேலை தேடிப் போடிக்கு இறங்கிய சோலை அங்கேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான்.

மனுவைத் தோட்டத்து மேனேஜர் துரையிடம் காட்டிக்கொடுத்தது யார்? உறையைத் தொட்டவள் ஒருத்திதானே என்று சின்னத்தாய் அன்றைக்கே முடிவுகட்டிவிட்டாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். பத்தொன்பது வருஷமாகப் பேச்சில்லை.

1976-இல் தேவிகுளத்தில் ஒரு புத்தக வெளியீடு நடந்தது. பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த சரித்திரப் பேராசிரியர் ஈஸ்வரமூர்த்தி தோட்டத் தொழிலாளர் வரலாறு எழுதியிருந்தார். அந்த மனுவை எழுதிய வீரர் என்று ஓய்வுபெற்ற ஆபீஸ் கிளார்க் செல்லத்துரைக்கு மாலை போட்டார்கள். லயத்துப் பக்கம் வந்தாலே மூக்கைப் பொத்திக்கொள்கிற மனுஷன். கூட்டத்தில் நின்ற சின்னத்தாய் ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

கண்ணாடிக்கு அடியில் மனுவும் உறையும் வைத்திருந்தார்கள். எழுத்து அவளுடையதேதான். உறையின் தபால் தலையை உற்றுப் பார்த்தாள். எச்சில் தொட்டு அவள் ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. அதன்மேல் முத்திரை விழவில்லை.

பேராசிரியரிடம் போனாள். "ஐயா, இது எங்க கெடைச்சுது?"

"செல்லத்துரை ஐயா ஊட்டுப் பெட்டியிலதானுங்க. அவரே எழுதுனதாச் சொன்னாருங்க."

"அதிகாரிக்கு எழுதுன கடுதாசி அதிகாரிகிட்டதானே இருக்கணும்?"

"நகலா இருக்குமுங்க."

"நகலுக்கு எதுக்குய்யா பதினாறு ரேகையும் தபால் தலையும்? இது தபாலாபீசுக்கே போகலையே, பாத்தீகளா?"

பேராசிரியர் இப்போதுதான் குனிந்து பார்த்தார். மேடையில் செல்லத்துரை மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அந்நாளில் தபால் பையைக் கட்டி அனுப்பியவர் அவர்தான் என்பது சின்னத்தாய்க்கு அப்போதுதான் உறைத்தது.

பிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் வரவில்லை. நேராகப் போய் இருதயம்மாள் வீட்டு வாசலில் நின்றாள்.

"அக்கா, கடுதாசியப் பையில இருந்து எடுத்தது கிளார்க்கு. புத்தகம் எழுதுன வாத்தியாரு கேட்டதுக்குத் தானே எழுதுனதாச் சொல்லியிருக்காரு. நான் உன்னையத்தான் தப்பா நெனச்சிட்டேன்."

இருதயம்மாள் முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "அந்த வாத்தியாராச்சும் செல்லத்துரைகிட்ட ஒரு வார்த்தை கேட்டாரு. நீ எங்கிட்ட அதுகூடக் கேக்கலையே, தாயி."

உள்ளே வா என்று அவள் கூப்பிடவில்லை.