அயர்ன் பாக்ஸுக்கு ஒயர்

எங்க வூட்டு அயர்ன் பாக்ஸ் ஒயரு இன்னிக்குப் புகைஞ்சு போச்சு. வூட்டுக்காரருக்கு நாளைக்கு ஃபேக்டரியில இண்டர்வியூ.

"பஜாருக்குப் போயி ரெண்டு கஜம் ஒயர் வாங்கினு வாங்க"ன்னு அவரையே அனுப்பினேன்.

வாங்கினு வந்தது கூடை பின்னுற ஒயரு! அதுவும் கிளிப்பச்சை.

"இன்னாங்க இது?"

"ஒயர்தானே கேட்ட? ரெண்டு கஜத்துல கூடை வருமா? அதான் ஒரு கட்டே வாங்கினேன்."

நான் எப்படித் திட்டுறது? நேத்துகூட கூடை பின்னிகினே சோத்தைக் குழைய வுட்டவளாச்சே!

மறுபடி போறதுக்குள்ள எலக்ட்ரிக் கடையைச் சாத்திட்டாங்க. பித்தளைச் சொம்புல நெருப்பள்ளிப் போட்டு சட்டையைத் தேய்ச்சேன். மடிப்பு கத்தி மாதிரி நிக்குது.

யார்கிட்டயாவது அயர்ன் பாக்ஸ் ஒயர் இருந்தா சொல்லுங்க. பதிலுக்குக் கிளிப்பச்சைக் கூடை தரேன். கைப்பிடி மட்டும் அவரு பின்னுவாரு. தண்டனை!