சங்கு ஊதினால் மணி பார்ப்பவர்கள்

அணைக்கட்டு மின்நிலையத்தில் கரண்ட் எடுப்பது இயந்திரத்தின் வேலை. அது தண்ணீரைக் கீழே தள்ளுவதற்கு முன் சங்கு ஊதி, வறண்ட ஆற்றுக்குள் இருப்பவர்களைக் கரையேற்றுவது எங்கள் வேலை. சொன்னதை யாரும் காதில் வாங்காத உத்தியோகம் பார்க்கும் அன்பர்களே, உங்களுக்குப் புரியும்.

விடுப்பில் வந்தவன்

வேலை மலையடிவாரத்தில், சொந்த ஊர் கோட்டையூர். ஊருக்கு வந்து இறங்கினால் போதும், மின்தடைக்கெல்லாம் நான்தான் பொறுப்பு. போன கோடையில் ஃபேன் நின்ற சூட்டோடு எதிர்வீட்டு மீனாள் அக்கா விசிறியும் கையுமாக வந்து நின்றார். "கரண்டு எடுக்கிறவுக நீங்க இங்க வந்து உக்காந்துக்கிட்டீக. அங்குட்டு யாரு மிசினைச் சுத்துறது?"

அரியக்குடி வீடு

அரியக்குடியிலிருந்து வேனில் வந்த விவசாயக் குடும்பம் ஒன்று அணையைப் பார்த்துவிட்டு, ஆற்றுப் பாறைகளில் சாப்பிட உட்கார்ந்தது. முறைப்படி இடைவெளி விட்டு விட்டுச் சங்கு ஊதினோம். பொத்தானை அழுத்தியது நான். காவலாளி ஓடிப்போய்க் கத்தி மற்றவர்களை ஏற்றிவிட்டார். நடுப்பாறையில் கை கழுவிக்கொண்டிருந்த குடும்பத் தலைவரைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது.

பக்கத்து ஊர்க்காரன் என்று உடலோடு என்னை அனுப்பினார்கள். அவர்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது, சங்கு கேட்கவில்லையா என்று அவர் மனைவியிடம் கேட்டுவிட்டேன். அந்த அம்மாள் கோபிக்கவில்லை. "கேட்டுச்சுங்க. வாட்ச்சைப் பாத்தாக. மணி பிந்திப்போச்சுன்னு திருகிச் சரிபண்ணிக்கிட்டாக."

ஒலிபெருக்கி

எங்கள் பக்கம் ஊருக்கு நேரம் சொல்லத்தான் சங்கு ஊதும்; ஊதினால் மணி பார்ப்போம். அந்தச் சங்கு கேட்டுப் பள்ளிக்கூடம் போனவன் நான்; எனக்கே அது தோன்றவில்லை. திரும்பியதும், சங்கோடு பேச்சும் வேண்டும் என்று பொறியாளரிடம் மன்றாடினேன். ஒலிபெருக்கி வந்தது. பதிவு செய்யத் தந்த வாசகம்: "பொதுமக்கள் கவனத்திற்கு, நீர் வெளியேற்றப்படவுள்ளது." அதைக் கேட்டு நானே எழுந்திருக்க மாட்டேன். தாளை மடித்து வைத்துவிட்டு, "ஆத்துக்குள்ள இருக்கவுகளே, தண்ணி வருது! சட்டிகிட்டியைப் போட்டுட்டு மேல ஏறுங்க!" என்று கத்தினேன். பாதியில் குரல் உடைந்துவிட்டது. மறுபடி பதியலாமா என்றேன். பொறியாளர் தலையாட்டி மறுத்தார். "வேணாம்யா. இதுவே இருக்கட்டும்."

கோவிலூர் டீக்கடை

சமீபத்தில் கோவிலூரில் டீ குடிக்க நின்றேன். என்னை யாரென்று தெரியாத ஒருவர், குடும்பத்தோடு எங்கள் அணைக்குப் போய்வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் ஆற்றுக்குள் கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தாளாம். நான் டீயைக் கீழே வைத்தேன். "சங்கு ஊதுச்சு, நாங்க அசையலை. அப்புறம் எவனோ நம்மூர்க்காரன், வீட்டுல எழவு விழுந்தவனாட்டம் கத்துனான் பாருங்க, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஏறிட்டோம்."

இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் உருப்படியாகச் செய்தது அந்த ஒரு கத்தல்தான், அதுவும் அரியக்குடிக்காரர் போன பிறகு.